அனுப்புகிற பெட்டிக்கு விளக்கு எரியாது

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கும் கடைக்கும் சொந்தபந்தத்துக்கும் அவர் சுயம்பு. தானாக முளைத்த சாமிக்குச் சொல்லும் பெயரை ஒரு மனுஷனுக்கு வைத்த புண்ணியவான் யாரோ, அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். ஏனென்றால் இந்த ஆள் எதற்கும் இன்னொருவரைக் கூப்பிட மாட்டார். குழாய் ஒழுகினால் பிளம்பர் கிடையாது. கதவு இறங்கினால் தச்சர் கிடையாது. ஒரு காலத்தில் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துக்கொண்டு தன் தலைமுடியைக்கூடத் தானே வெட்டிப் பார்த்தார். அது ஒரே தடவைதான். அந்த மாதம் முழுக்கத் தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

விளைவு, அந்த வீட்டில் எந்தப் பொருளும் ஊர் உலகத்தில் வேலை செய்கிற மாதிரி வேலை செய்யாது. குளியலறைக் குழாயை மூடுவதற்கு முதலில் முழுசாகத் திறக்க வேண்டும். சமையலறைக் கதவை முழங்காலால் தூக்கிக் கொடுத்துத் தோளால் தள்ள வேண்டும். கூடத்து விளக்குக்கான சுவிட்ச் படுக்கையறையில் இருக்கிறது. விருந்தாளி ஒருவர் குளியலறையில் மாட்டிக்கொண்டு, வெளியே நின்று சுயம்பு சொல்லச் சொல்லத் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டி, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். "அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பழகிட்டா வெண்ணெய் மாதிரி நழுவும்" என்றார் சுயம்பு. பழகிக்கொள்வதற்கு அந்த விருந்தாளி மறுபடி வரவில்லை.

பிழைப்பு, பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்குவது. வண்ணம் கலக்க அங்கே மிஷின் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் அதுவே சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விட்டு, குலுக்கி, டப்பாவைக் கையில் கொடுத்துவிடும். சுயம்பு மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். "மிஷினுக்குக் கண்ணா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, தன் கையால் இன்னொரு சொட்டு விடுவார். அந்தச் சொட்டின் மகிமையால் ஊரில் பல வீடுகளில் மூன்று சுவர் ஒரு நிறம், நாலாவது சுவர் வேறு நிறம். பாதியில் பெயிண்ட் தீர்ந்து இரண்டாவது டப்பா வாங்கப் போன அப்பாவிகள் அவர்கள். இப்படிப்பட்ட ஆளை முதலாளி ஏன் வேலையில் வைத்திருக்கிறார் என்று கேட்காதீர்கள். நாலு சுவரையும் முதலிலிருந்து அடிக்க அவர்கள் திரும்பக் கடைக்குத்தானே வரவேண்டும்?

வீடு அப்பா கட்டியது. அந்தக் காலத்து மனுஷர், யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் தலைவலி வரவேண்டும் என்கிற கணக்கில் சுவர் எழுப்பியிருந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகம் பிரித்தபோது அந்த வீட்டின் நடுவே இன்னொரு சுவர் எழும்பியது. பாகம் சண்டையில்லாமல்தான் நடந்தது. சண்டை வந்தது வயரிங்கில். இரண்டு வீட்டுக்கும் கரண்ட் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்றபோது, தம்பி ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், வெளியாளைக் கூட்டிட்டு வர்றியா?" என்றார் சுயம்பு.

"நீ கை வெச்சா வீடே எரிஞ்சுரும் அண்ணே" என்றார் தம்பி.

அவ்வளவுதான். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. ஆத்திரம் அடங்காத சுயம்பு பரணில் ஏறினார். நடுச்சுவர் அறைக்கு மேலே போட்ட பலகைத் தட்டோடு நின்றுவிட்டதால், ஓட்டுக்கும் தட்டுக்கும் இடையில் பரண் மட்டும் இன்னும் பாகம் பிரியாமல் ஒரே வெளியாகக் கிடந்தது. அப்பா காலத்து டிவி கேபிள்கள் எல்லா அறைகளிலிருந்தும் வந்து அங்கே ஒரு சின்ன டப்பாவில் கூடும். அதில் தம்பி வீட்டுக்குப் போவதைப் பார்த்துக் கட்டிங் பிளேயரால் ஒரே வெட்டு. இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் பார்த்து அவர் வீட்டு டிவியே வரவில்லை. கேபிள்காரன் தம்பியோடு சேர்ந்துகொண்டு சதி செய்கிறான் என்று கண்டுபிடித்து, மொட்டை மாடி இல்லாத வீட்டில் ஓட்டின்மேல் ஏறி டிஷ் ஒன்றைப் பொருத்தினார். டிவி வந்தது. நாலு ஓடு போயிற்று.

இவரோடு குடித்தனம் நடத்துகிற மகராசியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும். அவர் மனைவிக்கு வெகுகாலம் வீட்டில் ஒரே உத்தியோகம்தான். ஸ்பேனரைத் தேடிக் கொடுப்பது, ஏணியைப் பிடித்துக்கொள்வது, "இப்ப எரியுதா?" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தால் "இல்லை" என்று பதில் சொல்வது. பிள்ளை படிப்பு முடித்து வெளியூர் போனபிறகு, ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் புகாரைப் போனில் கேட்கிற வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். பழைய பெயிண்ட் டப்பாக்கள் அடைந்து கிடந்த பின்னறையை அந்த அம்மாள் தன் கையால் ஒழித்து, மேஜை போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினார். காலையில் தலையில் ஹெட்போனை மாட்டிக் கதவைச் சாத்தினால், சாயங்காலம்வரை அந்த அறையில் யாரும் அவரிடம் "தள்ளு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல முடியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்கென்று கிடைத்த முதல் கதவு அது.

"போன்ல பேசுறது ஒரு வேலையா?" என்பார் சுயம்பு.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. இன்டர்நெட் வாசல் பக்கம் கூடத்தில் வந்து இறங்குகிறது, ரவுட்டர் அங்கேதான். அப்பா கட்டிய சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு வருவதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்கிவிடும். கூடத்திலேயே உட்கார்ந்து பேசலாம் என்றால், எதிர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை. கம்பெனிக்காரர்கள் புகாரைவிட இரும்பு அறுக்கிற கிரைண்டர் சத்தத்தை அதிகமாகக் கேட்டுவிட்டு முதல் எச்சரிக்கை அனுப்பினார்கள். பின்னறைக்கு மாறினார். பேச்சின் நடுவே இரண்டு தடவை லைன் அறுந்தது, இரண்டாவது எச்சரிக்கை வந்தது. இனி ஒரு தடவை சத்தமோ அறுபடுவதோ நேர்ந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். வேலை நிரந்தரமா இல்லையா என்பதை முடிவு செய்ய, மேலதிகாரி அம்மாள் ஒருநாள் காலை முழுக்கக் கூடவே கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் தேதி சொல்லிவிட்டார்கள்.

"ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிரலாங்க" என்றார் மனைவி.

"நான் எதுக்கு இருக்கேன்?"

"இது கதவு இல்லைங்க. இந்த வேலை போச்சுன்னா நான் மறுபடியும் உங்களுக்கு ஏணி பிடிக்கிற ஆளாயிடுவேன். எனக்கு அது வேண்டாம்."

அப்படி முகத்துக்கு நேரே சொல்லி சுயம்பு கேட்டதில்லை. சுருக்கென்றது. அதனால் இந்தத் தடவை அசத்திக் காட்டுவது என்று முடிவு செய்தார். ஆளைக் கூப்பிட்டு அல்ல, தானே.

முதலில் கூடத்திலிருந்து பின்னறைக்கு நீளமாக ஒரு நெட்வொர்க் வயர் இழுத்தார். கடையில் முனை மாட்டித் தருவதாகச் சொன்னார்கள், கௌரவக் குறைச்சல் என்று வெறும் வயராகவே வாங்கி வந்தார். உள்ளே எட்டு இழைகள், எட்டு நிறம், அவற்றைச் சேர்க்க ஒரு வரிசை உண்டு. நிறம் என்றதும் நம் ஆளுக்குக் கை சும்மா இருக்குமா? "இந்தப் பச்சைக்குப் பக்கத்துல நீலம் எடுக்கவே எடுக்காது" என்று தன் ரசனைப்படி அடுக்கி முனையை இறுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இன்டர்நெட்டுக்கு ரசனை இல்லாததால் வரவில்லை.

பிறகுதான் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற பழைய டிவி கேபிளிலேயே இன்டர்நெட்டை அனுப்பலாமாம். ரவுட்டர் பக்கத்தில் ஒரு அடாப்டர், தேவைப்படுகிற அறையில் ஒரு அடாப்டர். இரண்டையும் சுவரில் இருக்கும் டிவி பாயிண்டில் திருகினால் தீர்ந்தது வேலை. சுவரைக் குடைய வேண்டாம், ஆளைக் கூப்பிட வேண்டாம். சுயம்புவுக்காகவே ஒருவன் ராத்திரி பகலாக உட்கார்ந்து கண்டுபிடித்த மாதிரி இருந்தது. ஒரு ஜோடி வாங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரதிஷ்டை. கூடத்தில் ஒன்று, பின்னறையில் ஒன்று. மனைவி குறிப்புத் தாளைப் பிரித்துப் படித்தார்.

"அக்கம்பக்கத்து வீட்டு நெட்வொர்க்கோட கலந்துராம இருக்க, ரெண்டு பெட்டிக்கும் ஒரு ரகசிய எண் போடணுமாம். கேபிள் வீட்டுக்குள்ள வர்ற இடத்துல ஒரு ஃபில்டர் மாட்டணுமாம். இதோ, விரல் மாதிரி ஒண்ணு இருக்கே."

"பக்கத்து வீட்டோட நமக்கு என்ன சகவாசம்? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், குப்பையில போடு."

பவர் கொடுத்தார். பின்னறைப் பெட்டியில் ஒவ்வொன்றாக விளக்குகள் விழித்துக்கொண்டன, கேபிள் விளக்கு பச்சையாக நின்று எரிந்தது. மனைவி கம்ப்யூட்டரைச் செருகியதும் இன்டர்நெட் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு வேகத்தை அந்த அறை கண்டதேயில்லை. அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா கூடத்துப் பெட்டியில கேபிள் விளக்கு எரியலைங்களே" என்றார் பிறகு.

சுயம்பு போய்ப் பார்த்தார். எரியவில்லைதான். வேறு யாராவது என்றால் தலையைச் சொறிந்திருப்பார்கள். இவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"அது அனுப்புற பெட்டி. அனுப்புற பெட்டிக்கு விளக்கு எரியாது. வாங்குற பெட்டிக்குத்தான் எரியும்."

சொன்ன தோரணையில் யாருக்கும் சந்தேகம் வராது. அவருக்கே வரவில்லை.

அதற்கப்புறம் கடையில் அவர் வாய் மூடவில்லை. பெயிண்ட் வாங்க வந்தவர்கள் எல்லாரும் கோஆக்ஸ் என்கிற டிவி கேபிள் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டுத்தான் தூரிகை வாங்கிப் போக முடிந்தது. "அனுப்புற பெட்டிக்கு விளக்கு எரியாது, அதுதான் ரகசியம்" என்று முடிப்பார். கடைக் கணக்குப்பிள்ளை நம்பி ஒரு ஜோடி வாங்கி, இவரையே கூட்டிப்போய் மாட்டச் சொன்னார். அங்கே இரண்டு பெட்டியிலும் விளக்கு எரியவில்லை, இன்டர்நெட்டும் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, "உங்க வீட்டு வயர்ல ஜீவன் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தார். இங்கே மனைவிக்கோ ஒரு தடவைகூட லைன் அறுபடவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுகூட வந்தது. அதை வாசித்துக் காட்டியபோது சுயம்பு, "எல்லாம் பெட்டி" என்றார்.

சோதனை நாளன்று அவர் கடைக்கு லீவு போட்டார். பெட்டிக்குக் காவல் இருக்கிறாராம். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். காலைப்பொழுது நல்லபடியாகப் போனது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவு படாரென்று திறந்தது.

"என்னங்க! லைன் போயிருச்சு!"

"இருக்காதே, எனக்கு இங்க நெட் ஓடுதே."

"இங்க இல்லை. வாங்க, வந்து பாருங்க!"

பின்னறைப் பெட்டியில் கேபிள் விளக்கு அணைந்திருந்தது. நல்லவேளை, இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் போயிருக்கிறது. மேலதிகாரி அம்மாள் போனில் கூப்பிட்டு, கால் மணி நேரத்தில் திரும்ப வந்தால் கடைசி அழைப்போடு சோதனையை முடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மூன்றாவது எச்சரிக்கை என்று சொல்லிவிட்டார். கூடத்துக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால், பட்டறையில் அன்று பார்த்து ஒரு பெரிய இரும்புக் கேட்டை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பற்கள் கூசின.

சுயம்பு பெட்டியைத் தட்டினார். கழற்றி மாட்டினார். கூடத்துக்கு ஓடி அந்தப் பெட்டியைத் தட்டினார். அதில் விளக்கு வழக்கம்போல எரியவில்லை. அனுப்புகிற பெட்டிக்கு விளக்கு எரியாது என்று முதல்முறையாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், அது அவ்வளவு உறுதியாக ஒலிக்கவில்லை. மனைவி கதவருகே நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கச் சகிக்காமல் ஏணியை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினார். யாரும் பிடித்துக்கொள்ளாததால் ஏணி ஆடியது.

தவழ்ந்து போய், தூசிக்குள் அந்தச் சின்ன டப்பாவைத் தேடிப் பிடித்தார். போன் வெளிச்சத்தில், அன்று தான் வெட்டிய கேபிளின் முனை தெரிந்தது. அதைக் கையில் பிடித்து, அது எங்கே போகிறது என்று இழுத்துக்கொண்டே போனார். தம்பி பக்கம் போக வேண்டிய கேபிள் நேராக அவருடைய கூடத்துக்கு மேலே போய்ச் சுவருக்குள் இறங்கியது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். இப்போது தூசிக்குக்கூடப் புரிந்திருக்கும். அன்று வெட்டியது தன் சொந்தக் கேபிளை. தம்பி வீட்டுக் கேபிள் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. கூடத்துப் பெட்டி இத்தனை நாளும் அறுந்த வாலோடு சும்மா உட்கார்ந்திருந்தது. அப்படியானால் பின்னறைக்கு இவ்வளவு நாளும் இன்டர்நெட் அனுப்பியது யார்?

திரும்பத் தவழ்ந்து வந்து, டப்பாவில் பின்னறைக் கேபிள் இருக்கிறதா என்று பதற்றத்தில் ஒரு இழு இழுத்தார். அதுவும் முனையிலிருந்து உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை.

அந்த நேரம் அந்தப் பக்கத்துப் பரண் பலகை விலகி, டார்ச் வெளிச்சத்தோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"யாரது? பெருச்சாளின்னுல்ல நெனச்சேன்."

தம்பி. முன்னந்தலை வழுக்கையாகிவிட்டிருந்தது. எப்போது ஆயிற்று என்று சுயம்புவுக்குத் தெரியவில்லை.

"நான்தான்."

கீழே பின்னறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "ஏதாவது தெரியுதாங்க? நேரம் போயிட்டிருக்கு!"

"உன் வீட்டுல…" என்று ஆரம்பித்த சுயம்பு நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். "உன் வீட்டுல டிவி கேபிள்ல ஏதாவது பெட்டி மாட்டியிருக்கியா?"

"ஆமா. எங்க வீட்டுலயும் அதே அப்பா கட்டுன சுவருதானே? கம்பெனிக்காரனைக் கூப்பிட்டேன், மாட்டிட்டுப் போனான். ஏன்?" கேட்டுவிட்டுத் தம்பியே யோசித்தார். டார்ச் மெதுவாக உருவிக் கிடந்த கேபிள்மேல் வந்து நின்றது. "அண்ணே… போன்ல ஒரு புது மிஷின் காட்டுதே, எவன்டா நம்ம லைன்ல ஏறி உக்காந்திருக்கான்னு பாத்துட்டிருந்தேன். அது அண்ணியா?"

இதைவிடப் பரண் பலகை உடைந்து கீழே விழுந்திருக்கலாம். ஊர் முழுக்கப் பிரசங்கம் செய்த வாய் காய்ந்து போயிற்று. ஆனால் கீழே மறுபடியும் "என்னங்க!" என்று குரல் உடைந்து வந்தது.

"உன் வீட்டுல கரண்ட் இல்லையா?"

"ஃபேன் மாட்ட எலெக்ட்ரீஷியன் வந்திருக்கார், மெயினை அணைச்சிருக்கோம்."

"போடச் சொல்லுடா" என்றார் சுயம்பு. அதோடு விட்டிருக்கலாம், மீதியும் வந்தது. "உன் அண்ணி வேலை போயிரும்டா. என் பெட்டி வேலையே செய்யலை. முதல்லேர்ந்தே செய்யலை."

தம்பியின் தலை மறைந்தது. கீழே ஏதோ சத்தம் போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வெளிச்சம் வந்தது. தம்பி மறுபடி ஏறிவந்து, இந்தத் தடவை உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு தவழ்ந்து வந்தார். உருவிய கேபிளின் நடுக் கம்பியைச் சுயம்பு டப்பாவின் துளையில் வைத்து விரலால் அழுத்தினார். காத்திருந்தார்கள்.

"வந்துருச்சு!" என்று கீழே குரல்.

நிம்மதியில் விரலை எடுத்தார்.

"போச்சு!"

மறுபடி அழுத்தினார். வந்தது. ஆகவே சுயம்பு அங்கேயே மண்டியிட்டு, இரண்டு விரலால் கேபிளை டப்பாவோடு அழுத்திப் பிடித்தபடி இருந்தார். மனைவியின் வேலை அந்த இரண்டு விரலில் இருந்தது. மூக்குக்குள் தூசி. தும்மல் வந்தால் குடும்பமே தொலைந்தது. தம்பி டார்ச்சை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பலகைக்கு நேர் கீழே பின்னறை. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மனைவி வேலையில் இருக்கும்போது பேசுவதை சுயம்பு அன்றுதான் முதன்முதலில் காது கொடுத்துக் கேட்டார். எதிர்முனை ஆள் பேசுவது கேட்கவில்லை, மனைவியின் குரல் மட்டும்.

"வணக்கம் சார், சொல்லுங்க… அப்படியா, ஃபிரிட்ஜ் கூலாகவே இல்லையா… ஓ, பின்பக்கத்தைக் கழட்டிப் பாத்தீங்களா. நீங்களேவா சார்?"

தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லைங்க சார், தப்புன்னு நான் சொல்லவே இல்லை… திருப்பி மாட்டும்போது ரெண்டு திருகு மிச்சமாயிருச்சா? பரவாயில்லை சார், தொலைச்சிராம ஒரு டப்பாவுல போட்டு வைங்க… வீட்டுல அவங்க என்ன சொல்றாங்க? ஆளைக் கூப்பிடச் சொன்னாங்களா…"

"அண்ணே" என்று தம்பி கிசுகிசுத்தார். "அண்ணி போன்லதான் பேசுறாங்களா, இல்ல உன்கிட்டயா?"

"வாயை மூடுடா."

எதிர்முனை ஆள் கத்துகிறான் போலிருந்தது. மனைவி அவனைக் கத்த விட்டார். அப்புறம் பேசினார்.

"புரியுது சார். இத்தனை வருஷமா வீட்டுல எல்லாத்தையும் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க. இப்ப வேற ஒருத்தர் வந்து கை வைக்கிறதுன்னா கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா உங்களால முடியலைன்னு யாரும் நெனைக்கலை சார். வீட்டுல இருக்கிறவங்க உங்களை விட்டுக்குடுக்கிறதுக்காக ஆளைக் கூப்பிடச் சொல்லலை. அவங்களுக்கு ஃபிரிட்ஜ் ஓடணும், அவ்வளவுதான். ஒரு ஆள் வந்து பாக்கட்டும். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."

இந்தக் குரலை சுயம்பு முன்பு கேட்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒழுகுகிற குழாயடியில் அவர் நனைந்துகொண்டு நின்றபோது, இதே பொறுமையோடு, இதே கனிவோடு "ஒரு ஆளைக் கூப்பிடலாங்களா?" என்று கேட்ட குரல். எப்போது அது நின்றுபோயிற்று? ஒருநாளும் பதில் சொல்லாமல் ஸ்பேனரை நீட்டச் சொன்னதால்தானே நின்றது? முகம் தெரியாத எவனோ ஒரு திருகுக்காரனுக்குக் கிடைப்பது தனக்குக் கிடைக்காமல் போனது தன்னால்தான் என்று நினைத்தபோது, தூசியையும் மீறிக் கண்ணெரிந்தது. விரல் மரத்துப்போய்விட்டது. இன்னும் அழுத்திப் பிடித்தார்.

அழைப்பு முடிந்தது. கீழே மனைவி யாரோடோ மெதுவாகப் பேசினார். "சரிங்க மேடம்… ரொம்ப நன்றிங்க மேடம்…" பிறகு நாற்காலி நகரும் சத்தம். பின்னறைக் கதவு திறந்தது. ஏணியடியில் வந்து நின்று மேலே பார்த்தார். அழுதுவிட்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"நிரந்தரம் ஆக்கிட்டாங்க!"

"அண்ணி, வாழ்த்துகள்!" என்று பரணிலிருந்து தம்பியின் குரல் வந்ததும் அந்த அம்மாள் திடுக்கிட்டுவிட்டார். தம்பி நாலு வாக்கியத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டார். அண்ணனுக்காக எதையும் மழுப்பவில்லை. சுயம்பு மறுக்கவும் இல்லை. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுசையும் கேட்டார்.

சுயம்பு பரண் ஓரத்திலிருந்து தலையை நீட்டினார். மூக்கிலிருந்து நெற்றிவரை ஒட்டடை. ஒரு கை பின்னால் இன்னும் கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அந்த ஆளு கடைசியில ஒத்துக்கிட்டாரா?"

"யாரு?"

"ஃபிரிட்ஜைக் கழட்டுன ஆளு."

மனைவி அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வந்தது அந்தக் குரல்.

"ஒத்துக்கிட்டார். நாளைக்குக் காலையில ஆள் போகுது. மனுஷன் ரொம்ப நேரம் சண்டை போட்டார், ஆனா ஒத்துக்கிட்டார்."

சுயம்பு தம்பி பக்கம் திரும்பினார்.

"அந்த எலெக்ட்ரீஷியனை மேல வரச் சொல்லு" என்றார். "டார்ச்சை மட்டும் நான் பிடிக்கிறேன்."